500 ஜீனோம்கள், ஒரு சர்வர்: தரவை எங்கே வெட்டுவது?

கேள்வி இது: ஆய்வகத்துக்கு 500 பேரின் முழு ஜீனோம் தரவு வரப்போகிறது. கையில் இருப்பது 32 கோர் கொண்ட ஒரே ஒரு சர்வர். ஒருவருடைய தரவை முழுதாக அலச அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது. அப்படியே போனால் ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆகிவிடும். பெரிய தரவைப் பல கணினிகளில் பிரித்து அலசும் ஹடூப், ஸ்பார்க் போன்ற மென்பொருளெல்லாம் கற்றுக்கொண்டு ஒரு கிளஸ்டர் (ஒன்றாக இணைத்த கணினிக் கூட்டம்) போட்டால் தீர்ந்துவிடுமா, ஜீனோம் துறையில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிளஸ்டர் வேண்டும். ஸ்பார்க் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று விளக்கத்தான் இத்தனை நீளம்.

பல கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது எத்தனை கணினி என்பது இரண்டாவது கேள்விதான். தரவை எங்கே வெட்டினால் விடை கெடாமல் இருக்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஜீனோம் தரவை மூன்று விதமாக வெட்டலாம்: ரீட் (இயந்திரம் வாசித்துத் தரும் சிறு டிஎன்ஏ துண்டு) வாரியாக, ஜீனோமில் உள்ள இடம் வாரியாக, ஆள் வாரியாக. வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு வெட்டு பொருந்தும். ஒரு வெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடத்தில்தான் நேரமும் பணமும் கரைகின்றன.

ஒருவருடைய தரவு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். மனித ஜீனோமின், அதாவது நம் டிஎன்ஏ முழுவதின், நீளம் ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள். டிஎன்ஏவை வாசிக்கும் இயந்திரமான சீக்வென்சர் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துத் தராது. பெரும்பாலான ஆய்வகங்களில் இருக்கும் இலுமினா இயந்திரம் 150 எழுத்து நீளமுள்ள துண்டுகளை ஜோடி ஜோடியாகத் தருகிறது. இந்தத் துண்டைத்தான் ரீட் என்கிறோம். வாசிப்பில் பிழை வரும் என்பதால் ஒவ்வோர் இடமும் சராசரியாக 30 தடவை வாசிக்கப்படும். கணக்குப் போட்டால் ஒருவருக்கு 60 கோடி ரீட்களைத் தாண்டும். எந்த ரீட் ஜீனோமில் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற தகவல் எதிலும் இருக்காது. ஒவ்வோர் எழுத்தோடும் அதன் நம்பகத்தன்மையைச் சொல்லும் குறி ஒன்றும் சேர்ந்து வருவதால், அழுத்தாத கோப்பு 200 ஜிபியைத் தாண்டிவிடும்; அழுத்தினால் பொதுவாக 50 முதல் 100 ஜிபி. இத்தனையையும் சலித்து நாம் கடைசியில் எடுப்பது, ஒப்பிடுவதற்கான பொது மாதிரியாகிய ரெஃபரன்ஸ் ஜீனோமிலிருந்து அந்த ஒருவர் வேறுபடுகிற 40 முதல் 50 லட்சம் இடங்களின் பட்டியல். இந்த வேறுபாட்டைத்தான் வேரியன்ட் என்கிறோம்.

முதல் கட்டம் அலைன்மென்ட். ஒவ்வொரு ரீட் ஜோடியையும் ரெஃபரன்ஸில் அதற்குரிய இடத்தில் பொருத்த வேண்டும். இதற்குப் பரவலாகப் பயன்படும் பிடபிள்யூஏ என்ற மென்பொருள், 1994-இல் பரோஸும் வீலரும் தரவை அழுத்துவதற்காக வெளியிட்ட ஓர் உருமாற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. முழு மனித ஜீனோமுக்கான அட்டவணையும் சில ஜிபி நினைவகத்தில் அடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு நோடும் (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) தனக்கென்று ஒரு பிரதியை வைத்துக்கொள்ளலாம். ஒரு ரீட்டைப் பொருத்த இன்னொரு ரீட் எங்கே பொருந்தியது என்று கேட்க வேண்டியதில்லை. ஆகவே ரீட்களை எத்தனை குவியலாக வேண்டுமானாலும் பிரித்து அத்தனை கணினிகளுக்கு அனுப்பலாம். இவ்வளவு வசதியான வேலை கணிப்பில் அரிது.

இந்த வசதியைப் பலர் சீக்கிரமே கவனித்துவிட்டார்கள். வேலையைத் துண்டாக்கிப் பல கணினிகளில் ஓட்டி விடைகளைச் சேர்க்கும் மேப்ரெட்யூஸ் முறை பற்றிய கூகுளின் கட்டுரை வந்தது 2004-இல். ஹடூப் அந்த முறையைப் பின்பற்றியது. 2009-இல் மைக்கேல் ஷாட்ஸ் ஹடூப்பின் மேல் கிளவுட்பர்ஸ்ட் என்ற கருவியை எழுதினார். அதே ஆண்டு பென் லாங்மீட், ஷாட்ஸ் முதலியோர் கிராஸ்போ என்ற கருவியை வெளியிட்டார்கள். 38 மடங்கு ஆழத்தில் வாசிக்கப்பட்ட ஒரு மனித ஜீனோமை, வாடகைக்கு எடுத்த 320 சிபியு கொண்ட கிளவுட் கிளஸ்டரில் மூன்று மணி நேரத்தில், சுமார் 85 டாலர் செலவில் முடித்துக் காட்டினார்கள். சொந்தமாகச் சூப்பர் கம்ப்யூட்டர் இல்லாத ஆய்வகங்களுக்கு அது பெரிய கதவைத் திறந்துவிட்டது.

அதற்கும் முன்பே, பொது நிதியில் நடந்த மனித ஜீனோம் திட்டத்தின் முதல் வரைவு உருவானதும் சாதாரணக் கணினிகளின் கூட்டத்தில்தான். 2000-ஆம் ஆண்டு. செலேரா என்ற தனியார் நிறுவனம் மிகப் பெரிய கணினி வசதியோடு போட்டிக்கு நின்றது. பொதுத் திட்டத்தின் கையில் லட்சக்கணக்கான துண்டுகள் கோக்கப்படாமல் கிடந்தன. சாண்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர் ஜிம் கென்ட், கிக்அசெம்ப்ளர் என்ற நிரலை ஏறத்தாழ நான்கு வாரங்களில் எழுதினார். விரல் ஓயாமல் தட்டச்சு செய்ததில் ராத்திரியானால் மணிக்கட்டுக்கு ஐஸ் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹாஸ்லர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பென்டியம் 3 சிப் கொண்ட 100 கணினிகளில் அது ஓடியது. ஜூன் 22-ஆம் தேதி வரைவு கோத்து முடிந்தது. செலேரா தன்னுடையதை முடிக்கச் சில நாள் பின்னால் இருந்தது. ஜூலை 7-ஆம் தேதி அந்த வரைவு எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் ஏறியது. மனித ஜீனோம் பொதுச் சொத்தாக நின்றதற்கு அந்த 100 கணினிகளுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

சரி, உங்கள் தரவுக்கு வருவோம். ரீட் வாரியாக வெட்டுவது எளிது என்றேன். ஆனால் அந்த எளிய வெட்டிலும் கை அறுபடும் இடங்கள் இருக்கின்றன.

சீக்வென்சரின் ரீட்கள் வரும் ஃபாஸ்ட்க்யூ கோப்பில் ஒரு ரீட்டுக்கு நான்கு வரிகள்: பெயர், எழுத்துகள், கூட்டல் குறி, தரக்குறிகள். பெயர் வரி அட் குறியில் தொடங்கும். அப்படியானால் கோப்பின் நடுவில் எங்காவது குதித்து, அட் குறியில் தொடங்கும் அடுத்த வரியைத் தேடிப் பிடித்து அங்கே வெட்டிவிடலாம் என்று தோன்றும். முடியாது. தரக்குறி வரியிலும் அட் குறி முதல் எழுத்தாக வரலாம். அங்கே வெட்டினால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு ரீட்டும் தாறுமாறாகிவிடும். மேலும் கோப்பு சாதாரண ஜிசிப்பில் அழுத்தப்பட்டிருந்தால் நடுவில் குதிக்கவே வழி கிடையாது. முதலிலிருந்து அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். ஜோடியின் இரண்டு ரீட்களும் தனித்தனிக் கோப்புகளில் இருப்பதால் இரண்டையும் சரியாக ஒரே எண்ணிக்கையில் வெட்டவும் வேண்டும். பத்து கணினி இருந்தும் ஒரு கணினி கோப்பை அவிழ்த்துப் பிரிக்கும்வரை மற்ற ஒன்பதும் சும்மா நிற்கும் காட்சியை நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். ரீட்களைச் சேமிக்கும் இன்னொரு வடிவமான பாம் இதற்குத் தேவலாம். அது 64 கேபிக்கு மிகாத சிறு கட்டங்களாக அழுத்தப்படுவதால், அட்டவணை இருந்தால் நேராக நடுவில் போய் இறங்கலாம்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. ஒரு ஜோடியின் இரு ரீட்களுக்கும் நடுவில் வழக்கமாக எவ்வளவு தூரம் இருக்கும் என்பதைப் பிடபிள்யூஏவின் மெம் என்ற முறை தானாகவே மதிப்பிட்டுக்கொள்ளும், ஒவ்வொரு தொகுப்புக்கும் புதிதாக. தொகுப்பின் அளவு, நீங்கள் கொடுக்கும் த்ரெட் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலை) எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். விளைவு: 16 த்ரெட்டில் ஓட்டினால் ஒரு விடை, 32 த்ரெட்டில் ஓட்டினால் சில ரீட்களுக்கு வேறு விடை. எந்தப் பிழைச் செய்தியும் வராது. 500 பேரில் பாதிப் பேரை ஒரு கிளஸ்டரிலும் மீதிப் பேரை வேறொன்றிலும் ஓட்டினால், உயிரியலில் இல்லாத ஒரு வித்தியாசம் தரவுக்குள் புகுந்துவிடும். பெரிய எழுத்துக் கே ஆப்ஷனில் தொகுப்பின் அளவை 10 கோடி எழுத்துகள் என்று நிலையாகக் கொடுத்துவிட்டால் த்ரெட் எண்ணிக்கையால் வரும் இந்த மாற்றம் நின்றுவிடும். அமெரிக்காவின் பெரிய சீக்வென்சிங் மையங்கள் தங்கள் பைப்லைன்கள் (எல்லாக் கட்டங்களையும் வரிசையாக ஓட்டும் நிரல் தொடர்கள்) ஒரே விடை தர வேண்டும் என்று உட்கார்ந்து பேசி, 2018-இல் வெளியிட்ட பொது விதிகளிலும் இந்த ஆப்ஷன் உண்டு. கோப்பை நீங்களே துண்டாக்கி அனுப்பினால் துண்டின் எல்லைகளும் இந்தத் தொகுப்பு எல்லைகளோடு ஒத்துப்போக வேண்டும். இதை மட்டும் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

அலைன்மென்ட் முடிந்ததும் வெட்டு மாறுகிறது. இதுவரை ரீட்கள் சீக்வென்சரிலிருந்து வந்த வரிசையில் கிடந்தன. இனி ஜீனோமில் அவை பொருந்திய இடத்தின் வரிசையில் அடுக்க வேண்டும். ஊர் முழுக்கத் தபால் பெட்டிகளில் எடுத்த கடிதங்களைப் பின்கோடு வாரியாகப் பிரிக்கிற வேலை இது. எந்தப் பெட்டியிலும் எந்த ஊருக்கான கடிதமும் இருக்கலாம் என்பதால், எல்லாப் பெட்டியிலிருந்தும் எல்லா ஊர்ப் பைக்கும் ஏதாவது போயே தீரும். கணிப்பு மொழியில் இது ஷஃபிள். நோடுகள் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் பேசிக்கொள்ளும். நெட்வொர்க்கும் டிஸ்க்கும் திணறும். சிபியு காலியாக இருக்கும். கிளஸ்டருக்குப் புதிதாக வருபவர்கள் வேகமான பிராசசர் வாங்கிவிட்டு இங்கே வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் கட்டத்திலேயே நகல்களைக் கண்டுபிடிக்கும் வேலையும் வருகிறது. சீக்வென்சிங்குக்கு முன் டிஎன்ஏவைப் பெருக்கும்போது ஒரே துண்டு பல பிரதிகளாகிவிடும். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் இல்லாத வேரியன்ட் இருப்பதாகத் தெரியும். ஜோடியின் இரண்டு ரீட்களும் தொடங்கும் இடங்கள் ஒத்துப்போனால் அவை நகல்கள் என்று குறித்து ஒதுக்குவார்கள். சிக்கல் என்னவென்றால், ஜோடியில் ஒன்று 3-ஆவது குரோமோசோமிலும் மற்றது 17-ஆவதிலும் பொருந்தியிருக்கலாம். குரோமோசோம் வாரியாக வெட்டி வெவ்வேறு கணினிக்கு அனுப்பியிருந்தால் இரண்டில் எந்தக் கணினியும் தனியாக முடிவு சொல்ல முடியாது.

அடுத்தது வேரியன்ட் கண்டுபிடிப்பு. இங்கே இடம் வாரியான வெட்டு பொருந்தும்; 1-ஆவது குரோமோசோமில் என்ன இருக்கிறது என்று சொல்ல 2-ஆவதைப் பார்க்க வேண்டியதில்லை. உடனே எல்லோரும் செய்வது குரோமோசோமுக்கு ஒரு வேலை என்று பிரிப்பது. அது சரியாக வராது. 1-ஆவது குரோமோசோம் 24.9 கோடி எழுத்து, 21-ஆவது 4.7 கோடிக்குள். சின்னவை முடிந்து நெடுநேரமாகியும் 1-ஆவது ஓடிக்கொண்டே இருக்கும். மொத்த நீளத்தை 1-ஆவதின் நீளத்தால் வகுத்தால் சுமார் 12 வரும். அதாவது 24 நோடு கொடுத்தாலும் வேகம் 12 மடங்குக்கு மேல் ஏறாது. ஆகவே ஏறத்தாழச் சம நீளமுள்ள 50, 100 துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். எல்லைகளை எங்கே வைப்பது? வேரியன்ட்களைக் கண்டுபிடிக்கப் பயன்படும் ஜிஏடிகே மென்பொருளின் ஹாப்ளோடைப்காலர் கருவி ஒவ்வொரு சிறு பகுதியிலும் ரீட்களைப் புதிதாகக் கோத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். அந்தப் பகுதியின் நடுவில் எல்லை விழுந்தால் ஒரு வேரியன்ட் தொலைந்துபோகலாம், அல்லது இரண்டு கணினியும் அதைச் சொல்லலாம். ரெஃபரன்ஸில் இன்னும் எழுத்து தெரியாமல் என் என்று நிரப்பி வைத்திருக்கும் நீண்ட இடைவெளிகள் இருக்கின்றன. அங்கே வேரியன்ட் எதுவும் வர வழியில்லை. அதனால் எல்லைகளை அங்கே வைப்பது நல்ல வழக்கம். அதற்கான இடப் பட்டியல்களை, ஜிஏடிகேயை உருவாக்கிய பிராட் நிறுவனம் தயாராகவே வெளியிட்டிருக்கிறது. நீங்கள் புதிதாகச் செய்யத் தேவையில்லை. சம நீளமாக வெட்டினாலும் வேலை சமமாக இருக்காது என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். சென்ட்ரோமியருக்கு (குரோமோசோமின் இடுங்கிய பகுதி) பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர்களில் ரீட்கள் மலையாகக் குவிந்துவிடும். கடைசியாக ஓடிக்கொண்டிருக்கும் ஓரிரு துண்டுகள் பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும்.

500 பேரையும் சேர்த்துப் பார்ப்பது கடைசிக் கட்டம். ஒவ்வொருவருக்கும் ஜிவிசிஎஃப் என்ற இடைநிலைக் கோப்பை எழுதி வைத்துவிட்டு, அப்புறம் இடம் வாரியாக எல்லோருடையதையும் ஒன்றாகத் திறந்து முடிவெடுப்பார்கள். இப்படிச் செய்தால் நாளைக்கு 501-ஆவது ஆள் வந்தாலும் முதல் 500 பேரின் அலைன்மென்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. வேரியன்ட் அட்டவணை கையில் வந்த பிறகு செய்யும் ஆய்வுகளுக்கு, முக்கியமாக ஒரு நோயோடு எந்த வேரியன்ட் தொடர்புடையது என்று லட்சக்கணக்கானோரில் தேடும்போது, ஸ்பார்க் உண்மையிலேயே கைகொடுக்கும். பிராட் நிறுவனத்தின் ஹெய்ல் என்ற மென்பொருள் அதற்காகவே ஸ்பார்க்கின் மேல் கட்டப்பட்டது. பிரிட்டனின் ஆய்வுத் தரவுத் தொகுப்பான யுகே பயோபேங்க் போல 5 லட்சம் பேர் என்றால் அதைத் தவிர்ப்பது கஷ்டம். 500 பேரின் அட்டவணையில் இந்தக் கடைசி ஆய்வுகளைச் செய்ய ஒரு நல்ல சர்வரே போதும்.

இப்போது என் முக்கியமான கருத்து. மேலே சொன்ன வெட்டுகளில் பெரும்பாலானவை உங்களுக்குத் தேவையே இல்லை. ஒரு ஆளை எவ்வளவு சீக்கிரம் முடிப்பது என்பது ஒரு கேள்வி. 500 பேரை எவ்வளவு சீக்கிரம் முடிப்பது என்பது வேறு கேள்வி. உங்களுடையது இரண்டாவது. ஆள் வாரியாக வெட்டுவதுதான் இருப்பதிலேயே சுத்தமான வெட்டு. ஒரு நோடுக்கு ஒரு ஆள், முடிந்ததும் அடுத்த ஆள். நோடுகள் தமக்குள் பேச வேண்டியதில்லை, ஷஃபிள் நெட்வொர்க்கில் ஏறாது, எல்லைத் தகராறு கிடையாது. உங்கள் சர்வரைப் போன்ற 20 நோடுகள் இருந்தால் 500 நாள் வேலை 25 நாளில் முடியும். ஒரே ஆளை 20 நோடுக்குப் பிரித்து வரிசையாக 500 முறை ஓட்டினால் இதைவிட அதிக நாள்தான் ஆகும், ஏனென்றால் பிரிக்கவும் சேர்க்கவும் ஆகும் நேரம் ஒவ்வொரு தடவையும் வீணாகிறது. ஆம்டாலின் விதி 1967-லிருந்து இதைத்தான் சொல்கிறது: பிரிக்க முடியாத பகுதி வெறும் 5 சதவீதம் இருந்தாலும் எத்தனை ஆயிரம் கணினி கொடுத்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது.

ஒரே ஆளை உடைத்துப் பிரிப்பது எப்போது நியாயம் என்றால், அந்த ஆள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது. ஸ்டான்ஃபோர்டில் யூவன் ஆஷ்லியின் குழு 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். நானோபோர் சீக்வென்சரில் 48 ஃப்ளோ செல்களை (டிஎன்ஏவை வாசிக்கும் சில்லுகள்) ஒரே நோயாளியின் மாதிரிக்கு ஒதுக்கினார்கள். கொட்டுகிற தரவை அங்கிருந்த கணினிகளால் தாங்க முடியவில்லை. ஸ்நேகா கோயங்கா என்ற பொறியாளர், சீக்வென்சிங் முடியும்வரை காத்திருக்காமல் தரவை வரவர நேராகக் கிளவுடுக்கு அனுப்பி, அங்கே பல ஜிபியு இயந்திரங்களில் பிரித்து, எழுத்தறிதலும் (சீக்வென்சரின் சமிக்ஞையை எழுத்துகளாக்குவது) அலைன்மென்ட்டும் உடனுக்குடன் நடக்கும்படி வடிவமைத்தார். ஒரு நோயாளிக்கு 5 மணி 2 நிமிடத்தில் ஜீனோம் வாசிக்கப்பட்டது. அவர்களுடைய மிக வேகமான நோயறிதலுக்கு ஆன மொத்த நேரம் 7 மணி 18 நிமிடம். 12 நோயாளிகளில் 5 பேருக்கு நோயின் மரபணுக் காரணம் தெரியவந்தது. அந்த இடத்தில் ஒவ்வொரு மணி நேரமும் சிகிச்சையை மாற்றும். அங்கே எத்தனை இயந்திரம் வீணாக நின்றாலும் செலவு நியாயமானது.

கிளவுடுக்குப் போவதா, சொந்தமாகக் கிளஸ்டர் வாங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். முடிவெடுக்கும் முன் உங்கள் தரவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 500 பேருக்கு ஆளுக்கு 100 ஜிபி என்றால் 50 டிபி. வினாடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பு முழுவதும் உங்களுக்கே கிடைத்தாலும் அதை ஏற்றி முடிக்க நாலரை நாள் ஆகும். 100 மெகாபிட் என்றால் ஒன்றரை மாதம். அதற்குள் 20 நோடு கிளஸ்டர் வேலையையே முடித்திருக்கும். ஏற்றுவதற்குப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள், இறக்குவதற்குக் கேட்பார்கள். பாம் கோப்புகளையெல்லாம் திரும்ப இறக்கப் போகிறோம் என்ற திட்டத்தோடு கிளவுடுக்குப் போகாதீர்கள்.

தரவு ஏற்கெனவே கிளவுடில் இருந்தால் கதையே வேறு. செராட்டஸ் என்ற திட்டத்தை நான் இந்தத் துறையில் மிக அழகான வேலைகளில் ஒன்றாக மதிக்கிறேன். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் சீக்வென்ஸ் செய்து பொதுவில் போட்டுவைத்த தரவெல்லாம் எஸ்ஆர்ஏ என்ற களஞ்சியத்தில் இருக்கிறது: மண், கடல் நீர், கோழி, வௌவால், மனிதர், எல்லாமே. யாரோ ஒருவர் வேறு காரணத்துக்காக எடுத்த மாதிரியில் யாரும் தேடாத வைரஸ்களும் வாசிக்கப்பட்டிருக்கும் அல்லவா? ஆர்டெம் பாபயன், ராபர்ட் எட்கர், ராயன் சிகி முதலியோர் அத்தனையையும் சலித்துவிடலாம் என்று துணிந்தார்கள். களஞ்சியத்தின் பிரதி அமேசான் கிளவுடில் இருந்ததால் தரவை அசைக்காமல் நிரலை அதன் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வகை இயந்திரம் தரவை எடுத்துத் துண்டாக்கும், இன்னொரு வகை துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும், மூன்றாவது வகை விடைகளைச் சேர்க்கும். நடுவில் ஒரு ஷெட்யூலர் கணக்கு வைத்துக்கொள்ளும். அதிலும் ஸ்பாட் இன்ஸ்டன்ஸ் எனப்படும், எந்த நேரமும் பிடுங்கிக்கொள்ளப்படக்கூடிய மலிவு இயந்திரங்களையே பயன்படுத்தினார்கள். ஒரு துண்டு பாதியில் செத்தால் அதை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும் என்ற அமைப்பு இருந்ததால் அது சாத்தியமானது. ஆர்என்ஏ வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாலிமரேஸ் மரபணுவைத் தேடி 57 லட்சம் மாதிரிகளை 11 நாளில் அலசினார்கள். செலவு 23,980 டாலர். ஒரு மாதிரிக்கு அரை சென்ட்கூட ஆகவில்லை. அதுவரை அறியப்படாத 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்என்ஏ வைரஸ்களின் தடயம் கிடைத்தது. 2022-இல் கட்டுரை வெளிவந்தது. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் தரவு திறந்து கிடந்ததுதான்.

மனித ஜீனோம் தரவு அப்படித் திறந்து கிடக்க முடியாது. ஒரு குழுவின் வேரியன்ட் சராசரிகளை மட்டும் வெளியிட்டாலும், ஒரு குறிப்பிட்ட ஆளின் டிஎன்ஏ அந்தக் குழுவில் இருந்ததா என்று கண்டுபிடித்துவிடலாம் என்று 2008-இல் ஹோமரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அதைப் பார்த்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அதுவரை பொதுவில் வைத்திருந்த சராசரிகளையே எடுத்துவிட்டது. அதனால் இப்போது தரவை அதன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஆய்வாளர் தன் நிரலோடு அங்கே போகும் முறை பரவி வருகிறது. யுகே பயோபேங்கின் முழு ஜீனோம்களை அப்படித்தான் தருகிறார்கள். நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேருக்கு மேல் சீக்வென்ஸ் செய்தது. 8 பெட்டாபைட் என்று சொல்லப்பட்ட அந்தத் தரவு ஃபரிதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து ஆய்வாளர்கள் அனுமதி கேட்டுப் பெறலாம். உங்கள் 500 பேரின் சம்மதப் படிவத்தில் வெளிநாட்டுச் சர்வர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கிளவுடில் கணக்குத் திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் அமைப்பு இது. 20 நோடு, அல்லது பல்கலைக்கழகக் கிளஸ்டரில் அதற்கு ஈடான பங்கு. வேலையை வரிசைப்படுத்த ஸ்லர்ம். பைப்லைனுக்கு நெக்ஸ்ட்ஃப்ளோ அல்லது ஸ்நேக்மேக். இரண்டில் எது உங்கள் குழுவில் யாருக்காவது தெரியுமோ அதையே எடுங்கள். நெக்ஸ்ட்ஃப்ளோ என்றால் என்எஃப்-கோர் குழுவின் சாரெக் பைப்லைன் தயாராகக் கிடைக்கிறது. எல்லாக் கருவியையும் கன்டெய்னருக்குள் (மென்பொருளையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்து அடைத்த பொதி) வையுங்கள். ஒரே கருவி மேக்கிலும் லினக்ஸிலும் சற்றே வேறு விடை தருவதையும், கன்டெய்னரில் வைத்தால் அது சரியாவதையும் நெக்ஸ்ட்ஃப்ளோ குழு 2017-லேயே காட்டியிருக்கிறது.

டிஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு நோடிலும் சொந்தமாக ஒரு எஸ்எஸ்டி வேண்டும். அடுக்கும் கட்டத்தின் தற்காலிகக் கோப்புகள் அதில்தான் எழுதப்பட வேண்டும். இதைச் செய்யாமல் 20 நோடும் பொதுச் சேமிப்பகத்தில் ஒரே நேரத்தில் தற்காலிகக் கோப்பு எழுதினால் கிளஸ்டர் முழுக்கப் படுத்துவிடும், உங்கள் வேலை மட்டுமில்லாமல் மற்றவர்களுடையதும். அலைன்மென்ட் சரிபார்க்கப்பட்ட பிறகு பாமை, இன்னும் இறுக்கமாக அழுத்தும் கிராம் என்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இடம் பாதிக்கு அருகில் குறையும்.

வேலைகள் பாதியில் சாகும். 500 பேர், ஆளுக்குப் பத்துக்கு மேற்பட்ட கட்டங்கள். ஆயிரக்கணக்கான வேலைகளில் சில கண்டிப்பாகச் சாகும். வேலை நின்றதும் கணினி தரும் வெளியேறும் எண் 137 என்று வந்தால் பெரும்பாலும் நினைவகம் போதாமல் கொல்லப்பட்டிருக்கிறது. ஜிஏடிகே ஜாவாவில் ஓடுவதால், ஜாவாவுக்குக் கொடுக்கும் நினைவகத்தைவிட ஸ்லர்மிடம் சில ஜிபி கூடுதலாகக் கேளுங்கள். சத்தமில்லாமல் சாவதுதான் ஆபத்து: டிஸ்க் நிரம்பி பாம் கோப்பு முக்கால்வாசியில் நின்றிருக்கும், பெயரும் அளவும் நம்பும்படி இருக்கும். முழுமையான பாம் கோப்பின் முடிவில் 28 பைட் நீளமுள்ள காலிக் கட்டம் ஒன்று இருக்கும். பாம் கோப்புகளைக் கையாளும் சாம்டூல்ஸ் மென்பொருளின் குவிக்செக் கட்டளை அது இருக்கிறதா என்று நொடியில் சொல்லிவிடும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அதைப் போட்டு வையுங்கள்.

உங்கள் தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆயிரம் ஜீனோம்கள் திட்டத்தின் தரவு யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்திருக்கிறது. 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் அதில் உண்டு. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் குழுவும் அவற்றில் ஒன்று. அந்தக் குழுவில் ஐந்து பேரை எடுத்து ஓட்டிப் பாருங்கள். கூடவே, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் சரியான விடையோடு வெளியிட்டிருக்கும் ஜீனோம் இன் எ பாட்டில் மாதிரி ஒன்றை உங்கள் பழைய சர்வரில் ஒரு தடவையும் கிளஸ்டரில் ஒரு தடவையும் ஓட்டி, இரண்டு வேரியன்ட் பட்டியலையும் அந்த விடையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 500 பேரைத் தொடாதீர்கள். வெட்டு எங்கோ தப்பாக விழுந்திருக்கிறது. ஒத்துப்போனால், ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம், எவ்வளவு டிஸ்க் ஆனது என்று நெக்ஸ்ட்ஃப்ளோ தரும் அறிக்கையை இங்கே போடுங்கள். 20 நோடு போதுமா, 12 போதுமா என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.